பச்சைச் சட்டைக்கு ஒரு நீள ஹாரன்

கோல் போட்டவனின் அக்குள் ஆஃப்சைடில் இருந்ததா இல்லையா என்று பார்க்க, கடல் கடந்த ஒரு நாட்டில் நாலைந்து பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து டிவியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தைத் தணித்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. வீட்டில் இதைச் சொன்னால், “உங்களுக்கும் அந்தப் பந்துக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஏர் பிரேக் சரிசெய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். திருவிழா வந்தால் கபடி நடக்கும். கால்பந்தை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தவன் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு பாலக்காடு தாண்டி மலப்புறம் வரைக்கும் போய்வந்த லாரி டிரைவர். முட்டையை இறக்கி முடிக்கிற வரைக்கும் அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். அங்கே டிவியில் எப்போதும் பந்தாட்டம்தான். போகும்போது வண்டி நிறைய முட்டை, வரும்போது வாய் நிறைய பந்தாட்டம். வந்து இறங்கியதும் ஸ்பேனரையும் நட்டுகளையும் தரையில் பரப்பி, யார் எங்கே நின்றான், பந்து எப்படிப் போனது என்று நடத்திக் காட்டுவான். எனக்கு நட்டுகள் திரும்பக் கிடைக்கவே பொழுது போய்விடும்.

அவன் பிடித்த அணி பெரிய அணி இல்லை. கோப்பை எதையும் ஜெயித்து நாங்கள் பார்த்ததில்லை. பச்சைச் சட்டை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் காரணம். அவன் ஓட்டிய லாரியின் கேபின் பச்சை.

“நம்ம வண்டி கலர்ல சட்ட போட்டிருக்கறானுக மாப்ள. உட்டுட்டுப் போக முடியுமா?” என்றான்.

அப்படிப் பிடித்த பிடியை அவன் விடவில்லை, எங்களையும் விடவிடவில்லை. நான், பக்கத்துக் கடையில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர், இவன் என்று மூன்று பேர், சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பட்டறை டிவியின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பச்சைச் சட்டைக்காரர்கள் வருஷா வருஷம் முதல் லீக்கின் அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் நிற்கும் அணிகளைக் கீழ் லீக்குக்கு இறக்கிவிடுவார்கள்; கடைசி நேரத்தில் எப்படியோ அதிலிருந்து தப்பிப்பார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் தொங்குவார்கள்.

அவனுடைய முதல் வண்டியை உடைக்கக் கொடுத்தபோது, அதிலிருந்து ஏர் ஹாரனை மட்டும் கழற்றி எடுத்துவந்து என் தகர ஷெட்டின் மேல் மாட்டினான். பட்டறையில் கம்ப்ரஷர் இருப்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை. வால்விலிருந்து ஒரு கயிறு தொங்கும். எங்கள் அணி கோல் போட்டால் ஒரு நீள ஹாரன். எதிரணி போட்டால் இரண்டு குட்டை ஹாரன். இது அவன் வகுத்த சட்டம். கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத டீ மாஸ்டரும் தையற்கடைக்காரரும்கூட ஹாரனை வைத்தே நிலவரம் சொல்வார்கள். ஒருமுறை சத்தம் கேட்டு டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார். இவன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து ஆட்டத்தை விளக்கினான். பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, “அடிக்கறதக் கொஞ்சம் மெதுவா அடிங்கப்பா” என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஏர் ஹாரனை எப்படி மெதுவாக அடிப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் நடுவர்கள் தப்புச் செய்யாமல் இல்லை. கண் முன்னால் காலை வாரிவிடுவான், நடுவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கையில் பட்ட பந்து கோலாகும். நாங்கள் அவரை, அவர் குடும்பத்தை, அவருக்கு விசில் வாங்கிக் கொடுத்தவரை எல்லாம் திட்டித் தீர்ப்போம். திங்கட்கிழமை வேலை வந்ததும் அது போய்விடும். அதனால் வீடியோ வருகிறது என்றபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். சந்தேகம் வந்தால் அறைக்குள் இருப்பவர்கள் மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார்கள், மைதானத்தில் நிற்கும் நடுவருக்குக் காதில் சொல்வார்கள், இனிமேல் அநியாயமே நடக்காது என்று பெயிண்டர் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

வடை செரித்ததுதான் மிச்சம். போன வாரம் பெனால்டி கொடுத்த அதே தள்ளலுக்கு இந்த வாரம் ஒன்றுமில்லை என்றார்கள். டிவியைப் பார்ப்பதும் அதே நடுவர்கள்தானே. கண் மாறவில்லை, கண்ணாடிதான் மாறியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பந்தைத் தட்டிவிடும் நேரத்தில், கோலடிக்கப் போகிறவன் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. ஓடுகிறவனை ஓட்டத்தில் பார்த்துச் சொல்லவேண்டியது அது. இவர்கள் படத்தை நிறுத்திவைத்து, கால் கட்டைவிரல் நகத்துக்கும் தோளுக்கும் கோடு இழுத்தார்கள். நான் பிரேக் வேலை செய்கிறவன். பிரேக் கட்டைக்கும் சக்கரத்தின் டிரம்முக்கும் நடுவேகூடத் துளி இடம் விட்டுத்தான் வைக்கவேண்டும். ஒட்டி ஒட்டி வைத்தால் டிரம் சூடேறிப் புகைந்துவிடும். அந்தத் துளி இடத்தை ஆட்டத்திலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

என் நண்பனுக்குக் கேமரா என்றாலே ஆகாது. நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு கேமரா அவனுக்கு அபராதம் அனுப்பியிருந்தது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினானாம். ஓட்டியது லாரி. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று பெயிண்டர் சொன்னார்.

“கேமரா பாக்கும் மாப்ள. பாத்தது என்னன்னு அதுக்குத் தெரியாது” என்பான் அவன்.

பிறகு அவனுக்கே பார்வை போனது. சர்க்கரை. ரோட்டில் போகிறவனுக்குப் பத்தியமாவது ஒன்றாவது என்று வருஷக்கணக்கில் அலட்சியமாக இருந்துவிட்டான். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் வளையம் வளையமாகத் தெரிகிறது என்றான். லைசென்ஸைத் தானே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கினான். அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்டன. அப்புறம் சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்யவேண்டும் என்றார்கள்.

முதலில் சனிக்கிழமைகளில் அவனை என் பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் பட்டறைக்குக் கூட்டிவருவேன். நான் ஆட்டத்தைச் சொல்வேன், அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பான். “சரியாச் சொல்லுடா, இடதா வலதா?” என்று அதட்டுவான். போகப்போக உட்காரவும் முடியவில்லை. அவன் வீடு பட்டறைக்குப் பின்தெருவில் இருக்கிறது. அவனுடைய வீட்டம்மா சனிக்கிழமைகளில் அவன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைப்பார். டிவியை அங்கே யாரும் போடுவதில்லை. பார்க்க முடியாத டிவியின் சத்தம் அவனுக்கு எரிச்சல். ஹாரன் போதும் என்றான்.

அந்த அம்மா ஒருநாள் மருந்து வாங்கப் போகிற வழியில் பட்டறைக்கு வந்தார்.

“ஆஸ்பத்திரிக்கு வாரமாட்டேங்கறாருங்ண்ணா. கையெல்லாம் ஊசி குத்தி வீங்கிக் கெடக்குதுங்க. போதும் புள்ள, உட்டுருங்கறாரு. சனிக்கெழம மேட்ச் இருக்குதாமா, அதக் கேக்கவேண்டாமான்னு சொன்னாத்தானுங் எந்திரிக்கறாரு.”

“நான் வந்து சொல்றனுங் அம்மணி” என்றேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்ண்ணா. அந்த ஹாரன மட்டும் நிறுத்தீராதீங்க.”

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. அது வரைக்கும் அந்தக் கயிறு எங்களுக்கு விளையாட்டுச் சாமான். ஒரு ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்புகிற வேலை அதற்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதைத் தொடும்போதெல்லாம் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் நான் ஹாரனைத் தாமதிக்க ஆரம்பித்தேன். கோல் விழுந்தாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நடுவர் காதில் விரல் வைக்கிறாரா என்று பார்ப்பேன். பந்தை நடுவில் வைத்து மறுபடியும் ஆட்டம் தொடங்கினால்தான் இழுப்பேன். ஒருநாள் அவனே போன் போட்டான்.

“ஏன்டா, கோல் போட்டா பெயிண்டர் கத்தறது எனக்கு இங்க கேக்குது. உன்ற ஹாரன் டவுன் பஸ்ஸாட்டம் சாவகாசமா வருது?”

“வீடியோ பாக்கறானுகடா. கேன்சல் பண்ணிட்டா?”

“பண்ணுனாப் பண்ணீட்டுப் போறான். சந்தோசத்த எடுத்துத் தராசுல வெச்சு, செரியா இருக்குதான்னு பாத்துட்டா தருவ? பாத்தவொடனே அடி. எனக்குன்னு அடிக்கறதா இருந்தா அப்படி அடி. இல்லாட்டி அடிக்காத.”

சரி என்றேன்.

அந்த வருஷம் பச்சைச் சட்டைக்காரர்கள் எப்போதையும்விட மோசம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் லீக்கில் இருக்கலாம். டிரா செய்தாலும் கீழே இறங்கவேண்டும். கீழ் லீக் ஆட்டங்கள் எங்கள் டிவியில் வருவதில்லை. அது அவனுக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். அடுத்த வருஷச் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த ஓர் ஆட்டத்தில் தொங்கின. அன்று காலையில் டயாலிசிஸ் முடித்து அவனை அழைத்துவந்தபோது பேசக்கூடத் தெம்பில்லை. காரிலிருந்து இறக்கும்போது என் கையைப் பிடித்து, “இன்னைக்கி அடிச்சிருவியா?” என்று மட்டும் கேட்டான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை. டீக்கடையில் பாதிப் பேர் எங்கள் ஷெட்டுக்குள் நின்றார்கள். வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. எங்கள் ஆள் ஒருவன், முழு சீசனிலும் ஒன்றுக்கும் உதவாதவன், தலையால் முட்டினான். உள்ளே போய்விட்டது.

நான் யோசிக்கவில்லை. கயிற்றில் தொங்கிவிட்டேன். கம்ப்ரஷரில் இருந்த காற்று முழுக்கத் தீரும்வரை இழுத்தேன். தகரம் அதிர்ந்தது. பெயிண்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். டீ மாஸ்டர் எல்லோருக்கும் டீ போட்டுவிட்டார்.

அப்போதுதான் நடுவர் காதில் விரல் வைத்தார்.

கையில் டீயை வைத்துக்கொண்டு நின்றோம். டிவியில் அந்த மைதானத்து ஜனங்களும் அப்படியே நின்றார்கள். படத்தை முன்னே ஓட்டினார்கள், பின்னே ஓட்டினார்கள், நிறுத்தினார்கள். ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. கோடுகளுக்கு நடுவே ஒரு வெற்றிலைகூட நுழையாது. முட்டியவனின் அக்குள் தாண்டியிருந்ததாம். அக்குளால் எவனாவது கோல் போடுவானா? தலை பின்னால் இருக்கிறது, கால் பின்னால் இருக்கிறது. அக்குள் முன்னால் போய்விட்டது என்று கோலை அழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. டிரா. அணி கீழே போனது.

என் கை இன்னும் கயிற்றில் இருந்தது. நீளமாக அடித்தால் கோல். இரண்டு குட்டை அடித்தால் எதிரணி கோல். கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதற்கு எங்களிடம் ஹாரன் இல்லை. சட்டம் வகுத்தவன் அப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. காதில் விழுந்துவிட்ட ஹாரனை எந்த அறைக்குள் உட்கார்ந்து அழிப்பது?

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“கேட்டுட்டாருங்ண்ணா” என்றார் எடுத்தவுடனே. அவர் அப்படிச் சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. “கோல் போட்டாச்சு புள்ளன்னு என்ற கையப் புடிச்சுட்டாருங்க. கஞ்சி வேணும்னு கேட்டுக் குடிச்சாரு. இப்பத்தானுங் கண்ணசந்தாரு.”

நான் நடந்ததைச் சொன்னேன்.

“அதுக்கப்பறம் எடுத்துட்டாங்களா?”

“ஆமாங் அம்மணி.”

“அவருகிட்டச் சொல்லாதீங்ண்ணா” என்று போனை வைத்தார்.

அடுத்த நாள் போனேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஹாரனுக்குள் தூசி சேர்ந்திருக்கும், அடுத்த சீசனுக்குள் கழற்றிச் சுத்தம் செய்துவிடு என்றான். கோல் எப்படி விழுந்தது என்று கேட்டான். வலப்பக்கத்திலிருந்து பந்து வந்ததையும், ஒன்றுக்கும் உதவாதவன் முட்டியதையும் சொன்னேன். அதில் பொய் ஏதும் இல்லை. அந்த அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசி போனது, ஆனி போனது. கூப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறான் என்று அந்த அம்மா சொன்னார். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் தன் அணி தப்பித்த கதையைச் சொல்லியிருக்கிறான். ஆடியில் புதிதாக ஒருவர் அங்கே வந்தார். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். அவருடைய மகனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டாம். “அந்த டீம் எறங்கிருச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

“எதுக்குக் கேன்சல் பண்ணுனானுக?”

“அக்குள் தாண்டியிருந்துச்சாம்.”

“அக்குளா?” என்றான். சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

“உங்களுக்கெல்லாம் எவ்வளவு நேரம் மாப்ள அது கோலா இருந்துச்சு?”

“டீ ஆறுற நேரம்.”

“எனக்கு ஆடி வரைக்கும் இருந்துச்சுடா” என்றான். “நீ பாத்தவொடனே அடிச்சதுனால இருந்துச்சு.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி குத்திய இடத்தில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. பேச்சை மாற்றவேண்டும் என்பதற்காக, கீழ் லீக்கில் அந்த வீடியோ கிடையாது, விசில் அடித்தால் கோல்தான், அதை யாரும் ஓட்டிப் பார்க்கமாட்டார்கள் என்றேன். அவன் தலையை என் பக்கம் திருப்பினான்.

“நெசமாவா? அங்க கேமராக்காரன் இல்லையா?”

“ஆட்டத்தக் காட்டறதுக்கு இருக்கும். கோல அழிக்கறதுக்கு இல்ல.”

“அப்ப அதுதாண்டா நல்ல லீக்கு” என்றான். “டிவில வராட்டி என்ன, போன்ல பாத்து அடி. எப்ப ஆரம்பிக்குதாமா?”

ஆடி முடிந்ததும் என்றேன். தலையை ஆட்டினான். அன்று அவன் கேட்ட மாதிரி எந்தச் சீசனைப் பற்றியும் நானோ பெயிண்டரோ அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை.

ஆடி முடியுமுன்பே அவன் போய்விட்டான். மத்தியான நேரம், சாப்பாட்டுக்கு முன்னால். பைபாஸ் ஓரமாக லாரிகளை வரிசையாக நிறுத்திவிட்டு டிரைவர்கள் வந்தார்கள். எடுக்கும்போது எல்லா வண்டியும் சேர்ந்து ஹாரன் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருக்கவேண்டும், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனுக்கு ஹாரன் என்றால் கோல். இதற்கு அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

புது சீசனின் முதல் சனிக்கிழமை நான் போனில் ஆட்டத்தைத் தேடவில்லை. பெயிண்டர் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்தார். ஒரு டேங்கர் லாரியின் பிரேக் வால்வைப் பிரித்துப் போட்டு நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கோல் என்று வந்திருந்தது. பச்சைச் சட்டைக்கு.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். யாருக்காக அடிப்பது என்று தெரியவில்லை. அடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு நீள ஹாரன். தூசி தட்டி எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் சத்தம் சுத்தமாக வந்தது. அது அடங்கியபோது நானும் பெயிண்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

என் போன் அடித்தது. அந்த அம்மா.

“ஏனுங்ண்ணா, கோலுங்களா?”

“ஆமாங் அம்மணி.”

“சன்னலத் தொறந்துதானுங் வெச்சிருந்தேன்” என்றார். அப்புறம் அவரே கேட்டார்.

“இதத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்கல்லீங்ண்ணா?”

“மாட்டாங்க அம்மணி” என்றேன். “இத எடுக்கமாட்டாங்க.”

“செரிங்ண்ணா” என்று அவர் போனை வைத்தார்.